நாலு விரல் தூரம்

"நான் அவ மேல ஒரு நாளும் கை வச்சதில்ல மாஸ்டர். குடிச்சதில்ல. கெட்ட வார்த்தை ஒண்ணு பேசினதில்ல. அப்புறம் ஏன் போயிட்டா?"

கேட்டவன் கோதண்டம். வயசு நாற்பத்தெட்டு.

கேள்வியை வாங்கிக்கொண்டவர் எபிநேசர் மாஸ்டர். வயசு முப்பத்தாறு.

சண்டை சொல்லிக்கொடுக்கிறவர் யாரோ அவர் மாஸ்டர். வயசெல்லாம் அப்புறம். இவன் அவரை மாஸ்டர் என்பான், அவர் இவனை அண்ணே என்பார். அந்தத் தொழிலில் அப்படித்தான்.

இடம் ஒரு மலை. மலைமேல் ஒரு மடம்.

மலை பிளைவுட். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குள் நிறுத்தியிருந்தார்கள். மடத்துக் கல்தூணை விரலால் தட்டினால் டொக்கென்று கேட்கும். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் பெயிண்ட் ஒட்டும்.

தினமும் சாயங்காலம் ஏழரைக்கு டிவியில் வருகிற சண்டை சீரியலை அங்கேதான் எடுத்தார்கள். மலைமேல் ஒரு குரு. குருவிடம் கம்புச் சண்டையும் கைச் சண்டையும் படித்த ஒரு வீரன். அவனை ஒழித்துக்கட்ட வாரத்துக்கு ஒரு கூட்டம் ஏறி வரும். அந்தக் கூட்டத்தில் ஆறாவது ஆளோ ஏழாவது ஆளோ கோதண்டம்.

அடி வாங்கி விழுவது அவன் வேலை. அதற்கு அங்கே ஃபைட்டர் என்று பேர்.

ஒரு வாரம் கறுப்புத் தலைப்பா கட்டுவார்கள், மறு வாரம் சிவப்பு. முகத்தில் எப்போதும் ஒரு துணி. திங்கட்கிழமை செத்தவன் வியாழக்கிழமை வேறு துணி கட்டிக்கொண்டு வந்து மறுபடி சாவான்.

இப்படி இருபத்திரண்டு வருஷம் விழுந்திருக்கிறான். சினிமாவில் விழுந்தான், அது குறைந்ததும் சீரியலில் விழுந்தான்.

"எத்தனை நாளாச்சு?" என்றார் மாஸ்டர்.

"ஏழு மாசம்."

"ஏழு மாசமா சொல்லல. இன்னிக்குச் சொல்றீங்க."

கோதண்டம் தலைப்பாவை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி அம்சவேணி வருகிறாள் என்றான். வாழ வரவில்லை. தையல் மெஷினும் பீரோவும் பாத்திரமும் அவளுடையது, எடுத்துப்போக வருகிறாள். அரக்கோணத்தில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வீடு பார்த்துவிட்டாளாம். அந்தச் சாமான் வீட்டை விட்டு இறங்கிவிட்டால் அவ்வளவுதான். அதற்கு மேல் அவனிடம் வர அவளுக்கு ஒரு காரணமும் கிடையாது.

"ஒரு ஃபைட்டுக்கு இருபது ஸ்டெப் சொல்லித் தர்றீங்க மாஸ்டர். இதுக்கு ரெண்டே ரெண்டு சொல்லிக் குடுங்க."

வேறு யாரிடமாவது கேட்டீர்களா என்று விசாரித்தார் மாஸ்டர்.

கேட்டிருந்தான். சீரியலில் குருவாக நடிக்கிற பெரியவரிடம் கேட்டிருந்தான். அவர் தாடியை ஒரு பக்கம் உரித்துப் போட்டுவிட்டு மாத்திரை தேடிக்கொண்டிருந்தார். கோதண்டம் சொன்னதைப் பாதி கேட்டார். பிறகு தம் டயலாக் ஒன்றையே எடுத்து நீட்டினார். வலியை முகத்தில் காட்டாதே மகனே, காட்டினால் எதிரி உன்னைப் படித்துவிடுவான்.

கோதண்டத்துக்கு அது புதுசில்லை. அந்தக் காட்சியை எடுத்த அன்று அவன் அதே இடத்தில் செத்துக் கிடந்தான். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவன் காதில் அது நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு வருஷமாகிறது. இன்னும் இறங்கவில்லை.

"அதை வீட்ல அப்படியே கடைப்பிடிச்சேன் மாஸ்டர். நாள் பூரா இங்க எவன் தொட்டாலும் விழுறேன். வீட்லயாவது விழாம இருக்கணும்ல? அவ என்ன சொன்னாலும் சரி, ஒரு இது காட்டினதில்ல. மலை மாதிரி நின்னேன்."

சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.



"சாப்பாட்டு நேரத்துல முற்றத்துக்கு வாங்கண்ணே" என்றார் மாஸ்டர்.

*

மத்தியானம் எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்கள். மடத்து முற்றத்தில் வெயில் மட்டும் இருந்தது. பிளாஸ்டர் கோபுரத்தில் ஒரு காக்கா.

மாஸ்டர் நடுவில் போய் நின்றார்.

"இன்னிக்கு நீங்க அடிங்க. நான் நிக்கறேன்."

கோதண்டத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவனை அடிக்கச் சொன்னதில்லை.

டிவிச் சண்டை எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிக்கிறவன் கை முகத்தில் படாது. நாலு விரல் தள்ளி நிற்கும். கேமராவை வைக்கிற இடத்தில் வைத்தால் அந்த நாலு விரல் தெரியாது. ஆனால் அதை ரொப்புவது கேமராவும் இல்லை, அடிக்கிறவனும் இல்லை. அடி வாங்குகிறவன். கழுத்தைச் சரியான நேரத்தில் திருப்ப வேண்டும். வாயிலிருந்து தண்ணி தெறிக்க வேண்டும். உடம்பு முறுக்கிக்கொண்டு போய் விழ வேண்டும். அதற்கு ரியாக்‌ஷன் என்று பேர். அவன் அதைச் சரியாகக் கொடுத்தால் எதிரில் இருக்கிற நோஞ்சானும் வீரன்.

கோதண்டம் காலை அகட்டி நின்று, வலது கையை ஓங்கி வீசினான். மாஸ்டர் தாடைக்கு நாலு விரல் முன்னால் கை வந்து நின்றது. அளந்து வைத்த மாதிரி.

மாஸ்டர் சும்மா நின்றார்.

தயாராக இல்லை போல என்று நினைத்தான். இடது கையை வீசினான்.

சும்மா நின்றார்.

கோதண்டம் சிரித்துவிட்டான். உள்ளங்கையால் ஒன்று, முழங்கையால் ஒன்று, சுழன்று ஒரு உதை. நாற்பத்தெட்டு வயசுக்கு அந்த உதை நல்ல உதை. இன்னொருத்தன் பார்த்திருந்தால் விசில் அடித்திருப்பான்.

மாஸ்டர் முகத்தில் ஈ உட்கார்ந்த மாற்றம்கூட இல்லை. கோபமும் இல்லை, கேலியும் இல்லை. அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கிற மாதிரி இல்லை.

கை தப்பா மாஸ்டர் என்று கேட்டான். பதில் இல்லை. டைமிங் தப்பா என்றான். அதற்கும் இல்லை.

பத்தாவது அடிக்கு வேர்த்துவிட்டது.

பன்னிரண்டாவது அடிக்கு அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். கை இருந்தது. ஆனாலும் தான் அங்கே இருக்கிறோமா என்று ஒரு சந்தேகம் வந்தது. வெயிலில் நின்று ஒரு ஆள் காற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறான். தூரத்திலிருந்து பார்க்கிறவன் பைத்தியம் என்பான்.

"விழுங்க மாஸ்டர்."

நின்றார்.

"ஒரே ஒரு தடவை. சும்மா கழுத்தையாவது திருப்புங்க."

நின்றார்.

"யோவ், விழுய்யா."

அடுத்த அடியில் கணக்குத் தப்பிவிட்டது. நாலு விரலும் போய், முஷ்டி நேராக மாஸ்டர் நெஞ்சில் தொம்மென்று இறங்கியது. கோபுரத்துக் காக்கா பறந்துவிட்டது.

கோதண்டம் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

மாஸ்டர் அப்போதும் அசையவில்லை. கண்ணில் மட்டும் கொஞ்சம் தண்ணி. வெயிலாகவும் இருக்கலாம்.

"எனக்கு வலிச்சுதாண்ணே?" என்றார்.

"தெரியல மாஸ்டர்."

"எதிர்லதானே நிக்கறீங்க."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ரசம் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

*

அன்றைக்குச் சாயங்காலம் வியாசர்பாடி வீட்டில் கோதண்டம் டிவியைப் போட்டான்.

ரெண்டாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையலறை. ஏழு மாசமாக அங்கே ஒரே ஒரு தட்டுதான் ஈரமாகிறது. கடையில் வாங்கின நாலு இட்லியைப் பொட்டலத்தோடு மடியில் வைத்துக்கொண்டான்.

ஏழரைக்கு மலை வந்தது, மடம் வந்தது. கூட்டம் ஏறி வந்தது. வீரன் ஒரு உதை விட்டான். சிவப்புத் துணி கட்டின ஒருத்தன் பறந்துபோய்த் தூணில் மோதி விழுந்தான். அது கோதண்டம்.

அது கோதண்டம் என்று இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

அவளுக்குத் தெரியும். வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைத் தூக்கி, அதோ நீ என்பாள். முகத்தில் துணி கட்டியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். எப்படித் தெரியும் என்று அவன் கேட்டதில்லை. கேட்டால் முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டான்.

டிவியை அணைத்தான்.

அணைத்த பிறகுதான் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று தெரிந்தது. மறுபடி போட்டான். விளம்பரம் ஓடியது. அதுவாவது ஓடட்டும் என்று விட்டான்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மாரில் ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார் என்றாள். இதே இடத்தில் நின்று சொன்னாள்.

அவன் பயந்துபோனது நிஜம். சத்தியமாகப் பயந்தான். ஆனால் காட்டவில்லை. சரி என்றான்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவனுக்கு ஷூட்டிங். அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஒரு வாரம் கழித்து, ஒன்றும் இல்லையாம், சாதாரணக் கட்டிதானாம் என்று வந்து சொன்னாள். அவனுக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் நின்றான். அதற்கும் சரி என்றான்.

அந்த மாசக் கடைசியில் அவள் போய்விட்டாள்.

இட்லி மடியிலேயே ஆறிப்போனது.

*

மறுநாள் காலையில் மாஸ்டரிடம் போய் நின்று, புரிந்துவிட்டது மாஸ்டர் என்றான்.

மாஸ்டர் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியா" என்றார். முடிச்சை இன்னொரு இழுப்பு இழுத்துப் பார்த்தார்.

கோதண்டத்துக்குப் புரிந்தது இதுதான். விழாததுதான் தப்பு. ஆகவே விழ வேண்டும்.

விழுவதற்கு அவனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வேலை முடிந்து வந்து வீட்டில் பழகினான். பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் இடம் பார்த்தான். ஸ்டூலை நகர்த்தினான். போகிறேன் என்று அவள் வாசலில் நின்று சொல்வாள், அவன் இங்கே நிற்க வேண்டும். சொன்னதும் கை நெஞ்சுக்குப் போக வேண்டும், கழுத்து இந்தப் பக்கம், ஒரு முட்டி, அப்புறம் உடம்பு. அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழ வேண்டும். கீழ் வீட்டுக்காரர் ரெண்டு தடவை மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குட்டி யானை வண்டி வந்து கீழே நின்றது.

அம்சவேணியும் அவள் தம்பி பூபாலனும் மேலே வந்தார்கள். பூபாலன் நல்ல பிள்ளை. மாமா நல்லா இருக்கீங்களா என்று தரையைப் பார்த்துக் கேட்டான். டிரைவரும் அவனும் சேர்ந்து மெஷினை முதலில் இறக்கினார்கள். பீரோவை அப்புறம் வந்து தூக்குகிறோம், அக்கா அதற்குள் காலி பண்ணட்டும் என்று சொல்லிவிட்டுக் கீழேயே நின்றுகொண்டான்.

அம்சவேணி இளைத்திருந்தாள். இல்லை, புடவை புதுசு. அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

பாத்திரத்தை ஒரு சாக்கில் போட்டாள். முடிச்சுப் போட்டாள். வாசலுக்கும் பீரோவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து அந்த வீடு" என்றாள். "இனிமே இங்க வரமாட்டேன். நீ எனக்காகப் பாத்துக்கிட்டு இருக்காத."

இதுதான் அந்த இடம்.

கை நெஞ்சுக்குப் போனது. கழுத்து திரும்பியது. ஒரு முட்டி இறங்கி, உடம்பு முறுக்கி, அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளித் தடாலென்று விழுந்தான். அவன் வாழ்க்கையில் விழுந்ததிலேயே நல்ல விழுகை அதுதான்.



"எந்திரி" என்றாள் அம்சவேணி.

அவன் கிடந்தான்.

"வலது தோளுதான் எப்பவும் மொதல்ல தரையில படுது. அத வச்சுத்தான் நீன்னு கண்டுபுடிப்பேன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இதப் பாக்கறதுக்கு எனக்கு டிவி போதும். இவ்ளோ தூரம் வர வேணாம்."

பீரோவைத் திறந்து புடவைகளை எடுக்க ஆரம்பித்தாள்.

கோதண்டம் எழுந்து சுவரோரம் உட்கார்ந்தான். தோள் வலித்தது. குரு சொன்னது தீர்ந்துவிட்டது. மாஸ்டர் செய்ததும் தீர்ந்துவிட்டது. அடுத்து என்ன ஸ்டெப் என்று பார்த்தான். ஒன்றும் இல்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. அது பாட்டுக்கு இருந்தது.

அவள் ஒவ்வொரு தட்டாகக் காலி பண்ணினாள். அடித்தட்டில், பழைய பட்டுப்புடவைக்குக் கீழே, ஒரு பெரிய காக்கிக் கவர் இருந்தது. ஸ்கேன் எடுத்தால் போட்டுத் தருவார்களே, அந்தக் கவர். மேலே அவள் பேர் எழுதியிருந்தது.

அது அத்தனை நாளும் அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது. தினமும் சட்டை எடுக்கிற அதே பீரோவில்.

அவள் அதைப் பைக்குள் வைக்கப் போனாள்.

"எந்தப் பக்கம் அம்சா?"

"என்னது?"

"கட்டி."

அவள் கை நின்றது. அவள் திரும்பவில்லை.

கீழே பூபாலன் ஒரு ஹாரன் அடித்தான்.

"நீ கேட்டதே இல்ல" என்றாள்.

"கேட்டதில்ல."

அந்த ஒரு வார்த்தைக்குள் அவன் குரல் ரெண்டு இடத்தில் உடைந்தது. அதை மறைக்க அவன் ஒன்றும் செய்யவில்லை. செய்ய நினைத்திருந்தாலும் அப்போது முடிந்திருக்காது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இடது" என்றாள்.

பிறகு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஊசி குத்தி எடுத்தாங்க. கையப் புடிச்சுக்க யாராவது வந்திருக்காங்களான்னு நர்ஸ் கேட்டா. வீட்டுக்காரர் வெளில ஒக்காந்திருக்காரு, அவருக்கு ரத்தம் பாத்தா ஆகாதுன்னு சொன்னேன்."

கீழே மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை ரெண்டு.

அவள் கவரை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றான் கோதண்டம்.